யானைக் காவல், முழங்கால் பொடி, கோர்ட்டிசோல்: ஒரு மருந்தாளரிடம் கேட்டவை

நான் வைத்தியர் இல்லை. அரச வைத்தியசாலைகளில் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்றே ஓய்வு பெற்றவன். உடம்பு தானே சுரக்கிற கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எப்படிக் குறைப்பது?" என்பதுதான். அது குறைக்க வேண்டிய சாமான்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கல்லடியிலிருந்து உயர்தர மாணவி: சேர், ஸ்ட்ரெஸ் வந்தால் மட்டுமா கோர்ட்டிசோல் சுரக்கும்?

இல்லை மகள், நிம்மதியாக நித்திரை கொள்ளும்போதும் சுரக்கும். சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி போல இருக்கிற அதிரீனல் சுரப்பியின் மேற்பட்டைதான் அதைச் செய்கிறது. மூளையிலுள்ள ஹைப்போதலமஸ் அதன் கீழே இருக்கிற கபச்சுரப்பிக்குச் சொல்லும், கபச்சுரப்பி அதிரீனலுக்குச் சொல்லும். இரத்தத்தில் கோர்ட்டிசோல் போதுமென்றானதும் மேலே இருவரும் அடங்கிவிடுவார்கள். இந்த அடங்கலை ஞாபகம் வைத்திருங்கள், கீழே பொடிக் கதையில் வரும்.

விடியப்புறம் ஏறி, எழும்பி அரை மணித்தியாலமளவில் உச்சம். நடுச்சாமத்தில் அடிமட்டம். இரத்த அழுத்தம் விழாமல் பிடிப்பதும், பட்டினி நேரத்தில் இரத்தத்திலுள்ள சீனியைக் காப்பதும், அழற்சி மீறாமல் அடக்குவதும் அதன் அன்றாட வேலை. அதிரீனல் கெட்டுப்போனால் ஆள் எப்படி வாடி விழுவார் என்பதை தோமஸ் அடிசன் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1855இலேயே எழுதி வைத்தார்.

வெல்லாவெளிப் பக்கம், வெள்ளாமைக்காரர்: அறுவடை முடியும் மட்டும் வயல் வட்டையில யானைக் காவல். ரெண்டு மணித்தியாலம் கூடத் தூக்கமில்ல. தேத்தண்ணிக்குச் சீனியும் போடுறல்ல. கிளினிக்கில சீனி கூடிட்டெண்டு சொல்றாங்க. எப்படி?

அண்ணன், வாயால் போடாத சீனியை ஈரலே செய்யும். அதற்குக் கட்டளை இடுகிறவர்களில் ஒருவர்தான் கோர்ட்டிசோல். பரணில் இருக்கிறீர்கள், பற்றை முறிகிற சத்தம் கேட்கிறது. முதலில் பாய்வது அதிரனலின் என்ற இன்னொரு ஹோர்மோன்: நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். கோர்ட்டிசோல் சில நிமிடம் பிந்தி வந்து, ஓடுவதற்கு எரிபொருள் வேண்டுமென்று புரதத்தை உடைத்து ஈரலுக்கு அனுப்பிச் சீனியாக்கும். அந்தச் சீனி தசைக்கும் கொழுப்புக்கும் எளிதில் போகாதபடி இன்சுலினையும் தடுக்கும். ஒரு நாளைக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் நீங்கள் ஓடவில்லை, யானை வெடியைக் கொளுத்திவிட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறீர்கள். சீனி இரத்தத்திலேயே நிற்கும். இது மாதக்கணக்கில், கோர்ட்டிசோல் அடங்கிக் கிடக்க வேண்டிய சாமத்தில் நடக்கிறது.

அதற்காக முழுப் பழியையும் யானை மேல் போடவும் ஒண்ணா. சாமத்தில் சாப்பிடுகிற சோறு, தாய் தகப்பனுக்கு இருந்த சீனி வருத்தம், வயது எல்லாம் சேரும். முடிந்தால் இரண்டு பேராக முறை போட்டு, பாதி இரவாவது விட்டுவிடாமல் தூங்குங்கள். பகலில் படுப்பதென்றால் இருட்டான அறையில் படுங்கள். வெறுவயிற்றுப் பரிசோதனைக்குக் காவல் இருந்த மறுநாள் போகவேண்டி வந்தால், விழித்திருந்ததை அங்கே சொல்லுங்கள். தந்த குளிசையை மட்டும் விடவேண்டாம்.

காத்தான்குடி, பெயர் வேண்டாமென்ற ஒருவர்: உம்மாவுக்கு முழங்கால் நோவு. ஒரு இடத்தில் பொடி வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாளே நடந்தா. இப்ப எட்டு மாசம். முகம் உருண்டு போச்சு, சும்மா தட்டுப்பட்டாலும் தோல் கண்டிப் போகுது. நிறுத்திவிடவா?

தம்பி, உடனே நிறுத்த வேண்டாம். நான் இன்று எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

பொடியைப் பரிசோதிக்காமல் உள்ளே என்ன என்று சொல்ல ஒண்ணா. ஆனால் மூன்று நாளில் அற்புதம், மறுகா உருண்ட முகம், மெலிந்த தோல் என்றால் எனக்கு வரும் முதல் சந்தேகம் ஸ்டீரொயிட், அதாவது கோர்ட்டிசோல் போலவே வேலை செய்கிற மருந்து. மூட்டு நோவுக்கென்று விற்ற பொடிகளில் அது கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அற்புதம் புதிதுமல்ல. 1948இல் அமெரிக்காவில் மூட்டுவாதத்தால் நடக்க முடியாதிருந்த ஒரு பெண்ணுக்கு கோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட் ஊசி போட, சில நாளில் நடந்தார். 1950இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. பக்கவிளைவுகள் பின்னால் வரிசையாக வந்தன.

உடம்பு ஒரு நாளில் செய்கிற கோர்ட்டிசோல் ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிகிராம். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட்டின் 5 மில்லிகிராம் குளிசை ஒன்று அதற்குச் சமம். அதைத் தினமும் வெளியிலிருந்து கொடுத்தால், மேலே சொன்ன ஹைப்போதலமஸ், கபச்சுரப்பி இருவரும் அடங்கிவிடுவார்கள், சொந்தச் சுரப்பி சுருங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. வாந்தி, கடும் களைப்பு, பிரஷர் விழுந்து மயக்கம், உயிருக்கே ஆபத்து. பொடிப் பொட்டலத்தோடு உம்மாவை வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். அளவு தெரிந்த குளிசைக்கு மாற்றி, சிறுகச் சிறுகக் குறைப்பார்கள். சீனி, பிரஷர், எலும்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் வாந்தியோ மயக்கமோ வந்தால் வைத்தியசாலைக்கே நேரே. ஏசுவார்கள் என்ற பயத்தில் பொடியை ஒளிக்க வேண்டாம்.

மருதமுனை, சகோதரி ஒருவர்: வயிறு மட்டும் வைக்குது. கோர்ட்டிசோலா?

பெரும்பாலும் இல்லை. உண்மையாகவே கோர்ட்டிசோல் மிகுந்தால் அதற்குக் குஷிங் நோய்க்குறித்தொகுதி என்று பெயர். கை கால் மெலியும், கதிரையிலிருந்து எழும்பவே தொடையில் பலமிருக்காது, வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள் விழும். அது அரிது. "கோர்ட்டிசோல் வயிறு" என்று தூள் விற்கிறவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

நாவலடி, ஓர் அம்மா: 2004க்குப் பிறகு கடல் இரைஞ்சால் நெஞ்சு அடிக்குது. இரத்தம் சோதிக்கவா?

வேண்டாம் அம்மா. அந்த அடிப்பு அதிரனலினின் வேலை. பெரும் அதிர்ச்சியைக் கடந்தவர்களில் கோர்ட்டிசோல் கூடித்தான் இருக்கும் என்றுமில்லை, குறைந்திருந்ததாகச் சொன்ன ஆய்வுகளும் உண்டு. உங்கள் பயத்தை ஒரு குப்பி இரத்தம் சொல்லாது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கதைக்கலாம். இத்தனை வருடம் கழித்தா என்று வெட்கப்பட ஒன்றுமில்லை.

அக்கரைப்பற்று, ஆசிரியர்: ஸ்ட்ரெஸ் குறைய, தொண்டைக்கும் நல்லதென்று தினமும் அதிமதுரம் அவித்துக் குடிக்கிறேன். பிரஷர் ஏறுகிறதே?

சேர், கோப்பையைக் கீழே வையுங்கள். சிறுநீரகத்தில் கோர்ட்டிசோலைச் செயலிழக்க வைக்கிற ஒரு நொதியம் இருக்கிறது. அதிமதுரத்திலுள்ள கிளிசிரைசின் அந்த நொதியத்தைத் தடுத்துவிடும். அப்போது அங்கே கோர்ட்டிசோல் அல்டோஸ்டெரோன் என்ற இன்னொரு ஹோர்மோனின் வேலையையும் செய்து உப்பைப் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தைக் கழித்துவிடும். தடிமனுக்கு இரண்டு நாள் குடித்தவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நீங்கள் தினமும் குடிக்கிறீர்கள். நிறுத்திவிட்டுப் பிரஷரை அளந்து பாருங்கள். கிளினிக்கில் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள்.