துவரம் பருப்பு விலை ஏறினால் ஏன் சீக்கிரம் இறங்குவதில்லை? வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

துவரை ஆறு மாதப் பயிர். கர்நாடகத்தின் கலபுரகி, மகாராஷ்டிரத்தின் விதர்பா பக்கம் ஜூன், ஜூலையில் மானாவாரியாக விதைத்தால் டிசம்பர் வாக்கில்தான் அறுவடை தொடங்கும். தக்காளி என்றால் இரண்டு மூன்று மாதத்தில் புது வரத்து வந்து விலையை இறக்கிவிடும். துவரை ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த அறுவடை வரை மியான்மர், மொசாம்பிக் சரக்கைத்தான் நம்ப வேண்டும்.

2023 ஜூனில் மத்திய அரசு மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன் என இருப்பு வரம்பு வைத்தது. அது பதுக்கலைத் தடுக்கும், அவ்வளவுதான். விளையாத பருப்பை அது கொண்டுவராது.

தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் கிடைக்கும் 1 கிலோவை (30 ரூபாய்) முதலில் வாங்கிவிடுங்கள். சாம்பாருக்குப் பாதி துவரை, பாதி மைசூர்ப் பருப்பு போதும்; ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டையும் அப்படியே ஒன்றாகக் குக்கரில் போட்டால் மைசூர்ப் பருப்பு குழைந்து அடிப்பிடிக்கும், துவரை நறுக்கென்று நிற்கும். துவரையை மட்டும் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு சேர்த்து வேகவையுங்கள். புளியைப் பருப்பு மசிந்த பிறகே ஊற்ற வேண்டும். முன்னால் ஊற்றினால் வேகாது, கேஸ்தான் வீண்.

விலை ஏறுமென்று மூட்டையாக வாங்குவது பெரும்பாலும் வண்டுக்குத் தீனி. இரண்டு மாதத் தேவைக்கு மேல் வேண்டாம். வெயிலில் காயவைத்தால், நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.