ஒரு நாள் யாருமே பெட்ரோல் போடாமல் புறக்கணித்தால் விலை குறையுமா?

குறையாது. ஒரு நாள் என்ன, ஒரு வாரம் போடாமல் இருந்தாலும் குறையாது.

கேட்டவர் வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் அந்தச் செய்தியைப் பார்த்திருப்பார். 'வரும் திங்கட்கிழமை யாரும் பெட்ரோல் போடாதீங்க, கம்பெனிகளுக்குப் பல கோடி நஷ்டம், அடுத்த நாளே இறங்கி வருவாங்க, பத்துப் பேருக்கு ஷேர் பண்ணுங்க' என்கிற வகை. தினமும் வண்டியில் வேலைக்குப் போகிறவராக இருப்பார், சம்பளத்தில் ஒரு பங்கு டேங்குக்கே போகிறது, வயிற்றெரிச்சல். நியாயம்தான். எனக்கும் அதே வயிற்றெரிச்சல் உண்டு.

ஆனால் நான் பங்க்கில் வேலை பார்த்தவன். கிருஷ்ணகிரி – ஓசூர் ரோட்டில், சூளகிரிக்குப் பக்கத்தில், சில வருஷம் சூப்பர்வைசர். 'பங்க்காரன் வேற எப்படிப் பேசுவான்' என்று கமெண்ட் போடக் கை துறுதுறுக்கும், போடுங்கள். அந்த வேலையை விட்டாச்சு. முதலாளிக்கு வக்காலத்து வாங்கி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அப்படி ஒரு திங்கட்கிழமையை நான் நேரில் பார்த்தேன். முந்தின நாள் ஞாயிறு சாயங்காலம் திடீரென்று கூட்டம். பைக் வரிசை காற்றுப் பிடிக்கிற இடத்தைத் தாண்டி சர்வீஸ் ரோடு வரை போய்விட்டது. எப்போதும் இருநூறுக்குப் போடுகிற பையன்கள் எல்லாம் ஃபுல் டேங்க் கேட்கிறார்கள். ஒருத்தனிடம், "ஏம்ப்பா, எங்கியாச்சும் டூர் போறீங்களா?" என்றேன். "இல்லண்ணா, நாளைக்கு யாரும் போடக் கூடாதாம். அதான் இன்னிக்கே ஃபுல் பண்ணிக்கிறோம்."

மறுநாள் காலையில் வழக்கம்போல டிப் எடுத்தோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பூமிக்கடியில் இருக்கும் டேங்கின் மூடியைத் திறந்து, டிப் ராடின் நுனியில் ஒரு பேஸ்ட்டைத் தடவி உள்ளே விடுவோம். அடியில் தண்ணீர் இருந்தால் பேஸ்ட் நிறம் மாறிவிடும். ராடு எந்தக் கோடு வரை நனைந்திருக்கிறதோ, அதை சார்ட்டில் பார்த்து எத்தனை லிட்டர் என்று ரிஜிஸ்டரில் எழுதுவோம். ஞாயிறு விற்ற விற்பனையில் ஸ்டாக் நன்றாகவே இறங்கியிருந்தது. திங்கள் முழுக்க ஈ ஓட்டினோம். செவ்வாயிலிருந்து பழையபடி. வாரக் கடைசியில் ரிஜிஸ்டரைக் கூட்டிப் பார்த்தால் மற்ற வாரங்களுக்கும் அதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கம்பெனிக்கு இதில் எங்கே நஷ்டம்? லோடுக்கான பணத்தை முதலாளி முன்கூட்டியே கட்டிய பிறகுதான் டேங்கரே கிளம்பும்.

அமெரிக்காவில் 1999-லேயே இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். ஏப்ரல் 30 அன்று யாரும் பெட்ரோல் வாங்க வேண்டாம் என்று ஈமெயிலில் சுற்றியது. நம் வாட்ஸ்அப் செய்திக்குப் பாட்டன் அது. அங்கேயும் கதை இதேதான்.

'ஒரு கம்பெனியை மட்டும் ஒதுக்கலாமே' என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நாட்டில் பெரும்பாலான பங்க்குகள் மூன்று அரசுக் கம்பெனிகளுடையவை. விலையும் சில பைசா வித்தியாசத்தில் ஒன்றுதான். ஒரு கம்பெனியின் டெர்மினலில், அதாவது டேங்கர் லாரிக்கு எண்ணெய் ஏற்றும் கிடங்கில், இன்னொரு கம்பெனிக்கு லோடு ஏறுவது சாதாரணம். நீங்கள் ஒதுக்கிய பெட்ரோலே வேறு போர்டு மாட்டிய பங்க்கில் உங்கள் வண்டிக்குள் போகும்.

உண்மையான புறக்கணிப்பு எங்கள் ரோட்டில் நடந்தது. யாரும் அதற்குப் பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான். 2021 நவம்பரில் கர்நாடகா பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் லிட்டருக்கு 7 ரூபாய் வரியைக் குறைத்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்திருந்தது, டீசலைத் தொடவில்லை. எல்லையில் இருக்கும் ஜூஜூவாடியைத் தாண்டி கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளிக்குப் போனால் டீசல் லிட்டருக்கு ஆறு ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம். முந்நூறு லிட்டர் பிடிக்கும் லாரிக்காரன் எங்களிடம் ஏன் போடப் போகிறான்? அந்தப் பக்கம் போகிற வண்டி எல்லாம் எங்களிடம் ஐந்நூறு, ஆயிரத்துக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு போகும். "அத்திப்பள்ளி வரைக்கும் போனா போதும்ணா" என்று மூஞ்சிக்கு நேராகவே சொல்வார்கள். இரண்டரை வருஷத்துக்கு மேல் நடந்த கூத்து. தமிழ்நாட்டில் டீசல் வரி ஒரு பைசா குறைந்ததா? இல்லை. கடைசியில் 2024 ஜூனில் கர்நாடகாதான் வரியை ஏற்றியது. பெட்ரோலில் இருந்த லாபம் போச்சு, டீசலில் இடைவெளி சுருங்கியது.

இன்னும் பெரிய உதாரணம் வேண்டுமா? 2020 ஏப்ரல், ஊரடங்கு. நாட்டில் பெட்ரோல் விற்பனை முந்தைய வருஷ ஏப்ரலைவிட ஏறக்குறைய 60 சதவீதம் படுத்துவிட்டது. எந்த வாட்ஸ்அப் குரூப்பாலும் அப்படி ஒரு புறக்கணிப்பை நடத்த முடியாது. ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெய் பீப்பாய் மைனஸ் 37 டாலருக்குப் போனது, அதாவது எடுத்துக்கொள்கிறவனுக்கு விற்கிறவனே காசு கொடுக்கிற நிலைமை. இங்கே என்ன நடந்தது? மே முதல் வாரத்தில் தமிழக அரசு வாட் வரியில் பெட்ரோலுக்கு 3.25, டீசலுக்கு 2.50 ரூபாய் ஏற்றியது. அடுத்த ஓரிரு நாளில் மத்திய அரசு கலால் வரியில் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ஏற்றியது. ஜூன் 7 முதல் பங்க் விலையும் தினம் தினம் ஏற ஆரம்பித்தது. வாங்க ஆள் இல்லாதபோது விலை இறங்கும் என்கிற சந்தைக் கணக்கை, வரி அப்படியே விழுங்கிவிட்டது.

புறக்கணிப்பே வேலைக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளி மண்டியில் போய்ப் பாருங்கள். சனங்கள் வாங்குவதைக் கொஞ்சம் குறைத்தாலும் பெட்டி விலை அதலபாதாளத்துக்குப் போகும், ஏனென்றால் தக்காளி காத்திருக்காது. மாங்காயில் இதை நானே அனுபவிக்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் பெங்களூரா மாமரம் இருக்கிறது. ஜூன் மாதம் காய் முற்றி நிற்கும்போது மாம்பழக் கூழ் ஆலைக்காரர்கள், "ரெண்டு நாள் கழிச்சு கொண்டாங்க" என்பார்கள். கேட்டில் வண்டி வரிசை நிற்கும், வாடகை ஏறும், அடியில் இருக்கிற காய் கசிய ஆரம்பிக்கும், அப்புறம் அவர்கள் சொன்னதுதான் விலை. வாங்குகிறவன் கூடிப் பேசி ரெண்டு நாள் வாங்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 2025-ல் ஆந்திராவில் இதே மாங்காய்க்குக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து, அதில் 4 ரூபாயை அரசே கொடுத்தது. நமக்கு என்ன கிடைத்தது என்று காவேரிப்பட்டணத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இதைப் பற்றி இங்கே ஒரு கேள்வி வருகிறதா? வராது, மாம்பழ ஜூஸ் பாக்கெட் விலை ஏறினால்தான் வரும்.

சரி, பெட்ரோலுக்கு வருகிறேன். விலை எப்போது குறைந்தது என்று தேதிகளைப் பாருங்கள். 2021 நவம்பர் 2 இடைத்தேர்தல் முடிவு, 3-ஆம் தேதி ராத்திரி கலால் வரிக் குறைப்பு அறிவிப்பு. 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைந்தது, அதே வாரம் நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவிப்பு. நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை, காலண்டரைத்தான் சொல்கிறேன். அந்த நவம்பர் 3 ராத்திரி எங்கள் முதலாளி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தீபாவளிக்கு என்று டேங்கை நிரப்பி வைத்திருந்தார், பழைய விலைக்கு வாங்கிய சரக்கு. விடிந்ததும் டீசலில் மட்டும் லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் கையைக் கடித்தது. 2022 மே 21-லும் அதே மாதிரி அறிவிப்பு. அந்தக் கடுப்பிலும், லிட்டருக்கு இவ்வளவு என்று கம்பெனி கொடுக்கும் கமிஷனை ஏற்றச் சொல்லியும் பல மாநில பங்க்காரர்கள் மே 31 அன்று ஒரு நாள் லோடு எடுக்காமல் புறக்கணித்தார்கள். கமிஷன் ஏறியது 2024 அக்டோபரில். சரக்கு வாங்கி விற்கிறவனே புறக்கணித்து இந்த லட்சணம்.

'அப்போ வாயை மூடிக்கொண்டு இருக்கணுமா' என்பீர்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் பெட்ரோலை ஏன் ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரவில்லை என்று கேளுங்கள். 2021 செப்டம்பரில் லக்னோவில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் பேச்சு வந்தது, இப்போது வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். அதில் எல்லாக் கட்சிக்கும் பங்கு உண்டு.

பங்க் பையனிடம் மட்டும் கத்தாதீர்கள். விலை மாறினால் காலை ஆறு மணிக்குத்தான் மாறும், அவனுக்கும் அப்போதுதான் தெரியும். நூறு ரூபாய்க்குப் பதில் நூற்றுப்பத்துக்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்று நினைப்பவர்கள் அந்தக் கணக்கை விட்டுவிட்டு, அளவில் சந்தேகம் இருந்தால் ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டியே ஆக வேண்டும்.