கம்பி நுனியில் உப்பை எடுத்துச் சுடரில் காட்டி, வரும் நிறத்தை வைத்துத் தனிமத்தைச் சொல்லும் சுடர் சோதனையில் எந்த உப்பை வைத்தாலும் மஞ்சளாகவே தெரிகிறது. தனிமத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கம்பியைச் சந்தேகப்படுங்கள், கண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சோடியம் ஒட்டாத இடம் கிடையாது. விரல் வியர்வை பட்டாலே போதும், அதன் மஞ்சள் மற்ற நிறங்களை மூடிவிடும். கம்பியை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துச் சுடரில் காட்டுங்கள். சுடரில் நிறம் ஏறாத வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். உப்பையும் அந்த அமிலத்தில் குழைத்தே எடுக்க வேண்டும். குளோரைடானால் எளிதில் ஆவியாகும், ஆவியானால்தான் நிறம் வரும்.

இவ்வளவு செய்தும் மஞ்சள்தான் என்றால், நீங்களும் என் கட்சியாக இருக்கலாம். எனக்குச் சிவப்பு-பச்சை நிறக்குருடு. புத்தகத்தில் கால்சியம் செங்கல் சிவப்பு, பேரியம் ஆப்பிள் பச்சை. எனக்கு இரண்டும் ஒரே அழுக்கு மஞ்சள். பள்ளி செய்முறை வகுப்பில் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதினேன். "இதுகூடத் தெரியலையா? என்னத்தப் பாத்துக்கிட்டு நின்ன?" என்று எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

கல்லூரியில் கையடக்க நிறமாலைகாட்டி ஒன்று கிடைத்தது, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் கருவி. அதற்குள் அலைநீள அளவுகோல் இருக்கும். நிறத்தின் பெயர் தெரியவே வேண்டாம், கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும். 589 நானோமீட்டரில் சோடியம் எப்படியும் நிற்கும், அதையே எல்லைக்கல்லாக வைத்துக்கொண்டேன். கால்சியத்துக்கு அதன் இரு பக்கமும் பட்டை விழும், ஏறத்தாழ 554இலும் 622இலும். பேரியத்தின் முக்கியப் பட்டைகள் 510, 520களில் கூடி நிற்கும். எனக்கு அதில் குழப்பமே வரவில்லை. நல்ல கண் உள்ளவர்கள்தான் லித்தியத்துக்கும் ஸ்ட்ரான்சியத்துக்கும் நடுவே தடுமாறினார்கள், இரண்டும் கருஞ்சிவப்பாயிற்றே! லித்தியத்துக்கு 671இல் பளிச்சென்று ஒரு கோடு. ஸ்ட்ரான்சியத்துக்குச் சிவப்பில் பல பட்டைகள், கூடவே 461இல் ஒரு நீலக்கோடு. சொன்னது நான். தற்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

1863இல் இண்டியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான ஃபெர்டினாண்ட் ரைக்குக்கும் நிறம் பிரித்துப் பார்க்க வராது. கோட்டைப் பார்த்துச் சொல்ல தியோடோர் ரிக்டரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அவரை யாரும் மேசையிலிருந்து விரட்டியதாகத் தெரியவில்லை.

கண்ணால் பார்ப்பது வீண் என்று நான் சொல்லவில்லை, வேதியியல் ஆசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். செம்பின் நீலப்பச்சையைப் பார்க்க நல்ல கண் உள்ளவர்களுக்குக் கருவி தேவைப்படாது. ஆனால் நிறத்தைச் சொல்லத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் மதிப்பெண் என்பது வேதியியல் தேர்வா, கண் பரிசோதனையா?

இதோடு சம்பந்தமில்லைதான், இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். சார்ஜ் ஏறும்போது சிவப்பு, நிறைந்தால் பச்சை என்று ஒரே புள்ளியில் விளக்கு வைக்கிறார்களே, இரண்டு புள்ளி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, உங்கள் உப்பு பொட்டாசியமாக இருந்தால் கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். அது சோடிய மஞ்சளை விழுங்கிவிடும், மெல்லிய ஊதா தெரியும். நிறமாலைகாட்டியில் பொட்டாசியம் கொஞ்சம் படுத்தும். அதன் கோடுகள் 404இலும் 767, 770இலும், அதாவது கண்ணுக்கு எட்டும் இரண்டு ஓரங்களிலும் இருக்கின்றன. அறையை நன்றாக இருட்டாக்கிக்கொள்ளுங்கள்.