தம்பிக்கு என்ன குறை?

வணக்கம் அண்ணா,

என் தம்பிக்கு வயது 28. வங்கியில் நல்ல வேலை. ஆறு மாதமாக ஆள் சரியில்லை. காலையில் எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால் பத்து மணி வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறான். சாயங்காலம் கொஞ்சம் தெளிந்து இரண்டு வார்த்தை பேசுகிறான். மனநல மருத்துவரிடம் காட்டினோம். டிப்ரஷன் என்று மாத்திரை கொடுத்தார். பத்து நாள் சாப்பிட்டும் ஒரு மாற்றமும் இல்லை. அப்பா மாத்திரையைப் பிடுங்கி வைத்துவிட்டார். "நாலு பிள்ளைகளை வளர்த்தேன், கடனைக் கட்டினேன். எனக்கு வராத மன அழுத்தம் ஏசி ரூமில் இருக்கிறவனுக்கு எப்படி வரும்? மனசு சரியில்லாததற்கு மாத்திரை என்ன செய்யும்? கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்" என்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்கும் பாதி சந்தேகம்தான். சாயங்காலம் பேச முடிகிறவனுக்குக் காலையில் மட்டும் என்ன வருகிறது? இது நிஜமாகவே வியாதிதானா?

பெயர் வேண்டாம், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

வியாதிதான். மாத்திரை விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். இந்த மாத்திரைகள் வேலை காட்ட இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாக. தலைவலி மாத்திரையின் கணக்கு இங்கே செல்லாது. சட்டென்று நிறுத்துவதும் தப்பு. இன்றைக்கே அந்த டாக்டருக்கு ஃபோன் போட்டு, எத்தனை நாள் விட்டுப்போனது என்பதைச் சொல்லி, எப்படித் திரும்ப ஆரம்பிப்பது என்று கேளுங்கள்.

அடுத்து உங்கள் சந்தேகம். காலையில் மோசம், சாயங்காலம் தேவலை என்பது உங்களுக்கு நடிப்பாகத் தெரிகிறது. டாக்டர்கள் அதை இந்த நோயின் அடையாளங்களில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு தட்டிவிடுவதும் சேர்ந்து வரும். தம்பி எத்தனை மணிக்கு விழிக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்பாவைத் திட்ட மாட்டேன். பாதிப் பழி 'மன அழுத்தம்' என்ற சொல்லுக்குப் போக வேண்டும். ஆபீஸ் டென்ஷனுக்கும் அதே சொல், இந்த நோய்க்கும் அதே சொல். அழுத்தம் என்றால் எதுவோ அழுத்த வேண்டுமே? கடன், மேனேஜர், மாமியார் என்று தேடுகிறோம். ஒன்றும் அகப்படாவிட்டால் "உனக்கு என்னடா குறை?" என்று கேட்டுவிடுகிறோம். மனச்சோர்வு என்று எழுதலாம். அதுவும் ஒரு காப்பி குடித்தால் போய்விடுகிற சங்கதி போலத்தான் காதில் விழுகிறது. கஷ்டம் இந்த நோயைக் கிளப்பிவிடலாம், பரம்பரையும் சேரலாம். குறிப்பாக ஒரு கஷ்டமும் இல்லாமலும் வரும்.

என் அக்காவிடம் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். பால் பாக்கெட் வாசலிலேயே வெயிலில் கிடக்கும், எடுக்க மாட்டாள். ஒருநாள் போனபோது ஊறிய அரிசியைக் கிரைண்டரில் போட்டுவிட்டு ஸ்விட்சையே பார்த்தபடி நின்றிருந்தாள். "போடணும்னு தெரியுது, கை போகலடா" என்றாள். நான் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, "இவ்வளவுதானே?" என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது. டாக்டர் முதலில் தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அவையும் ஆளை இப்படிச் சாய்க்கும் என்றார். இரண்டும் சரியாக இருந்தன. அப்புறம்தான் மாத்திரை. ஐந்தாவது வாரம் என் மனைவி கொடுத்த காப்பியை வாயில் வைத்தவள், "சர்க்கரை தூக்கல்" என்றாள். மாதக்கணக்கில் எதைக் கொடுத்தாலும் ருசி சொல்லாமல் விழுங்கியவள். என் மனைவி அடுப்படிக்குள் போய் அழுதாள்.

மனசுக்கு மாத்திரை என்ன செய்யும் என்கிறார் அப்பா. நல்ல கேள்வி. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் காசநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலுக்கான மருந்து. படுத்துக் கிடந்தவர்களுக்குப் பசி வந்தது, கலகலப்பு வந்தது, சிலர் ஆடவே ஆரம்பித்தார்கள். உடம்பு தேறிய சந்தோஷம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் காசநோயே இல்லாத மனச்சோர்வுக்காரர்களுக்குக் கொடுத்தபோதும் பலர் தெளிந்தார்கள் என்று 1957இல் செய்தி வந்தது. கல்லீரலைக் கெடுத்ததால் பின்னாளில் அந்த மருந்தைக் கைவிட்டார்கள். இப்போதுள்ளவை வேறு. அவை எப்படி வேலை செய்கின்றன என்பது முழுசாகப் பிடிபடவில்லை. மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் குறைந்துபோனது, மாத்திரை அதை நிரப்புகிறது என்ற எளிய விளக்கத்தை இன்று ஆராய்ச்சியாளர்களே அப்படியே ஏற்பதில்லை. எல்லோருக்கும் முதல் மாத்திரையே ஒத்துக்கொள்ளும் என்றும் இல்லை, மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். பேசிக் குணப்படுத்தும் சிகிச்சையும் உண்டு, அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

கல்யாணப் பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். பல் தேய்க்கவே மலைக்கிறவனை மணவறையில் உட்கார வைத்தால் அவன் பாடும் திண்டாட்டம், வருகிற பெண்ணின் பாடு அதைவிட. சாவைப் பற்றித் தம்பி ஏதாவது சொன்னால் விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். தனியே விடாமல் உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, ராத்திரியிலும் தமிழில் பேசலாம்.

பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், போடவில்லை. தம்பிக்குச் சர்க்கரை வியாதி என்றால் பெயர், தெரு, நேற்றைய சர்க்கரை அளவு எல்லாமே எழுதியிருப்பீர்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அப்பாவையும் அழைத்துப் போங்கள். என்னிடம் கேட்டதையெல்லாம் அவரே அங்கே கேட்கட்டும். என்ன நடந்தது என்று எழுதுங்கள்.