பழைய பங்கு ஆலயங்களில் தொல்லியல் கண்காணிப்பு: இங்கிலாந்திலிருந்து கேள்வி பதில்

கேள்வி: அகழாய்வுக்கும் கண்காணிப்புக்கும் என்ன வேறுபாடு?

பதில்: அகழாய்வில் எங்கே தோண்டுவது என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம், கண்காணிப்பில் அதைக் கழிவறைக்கும் வெந்நீர்க் குழாய்க்கும் வரைபடம் போட்டவர் முன்பே முடிவு செய்திருப்பார். பணியாளர்கள் குழி வெட்டும்போது அருகில் நிற்போம். கல்லறையோ பழைய அடித்தளமோ தென்பட்டால் வேலையை நிறுத்தி, அளந்து, வரைந்து, படமெடுத்த பிறகே தொடரவிடுவோம்.

கேள்வி (கட்டடப் பொறியாளர்): சுவரில் ஈரம் ஏறுகிறது. சுற்றிலும் வடிகால் வெட்டுவதற்கு எதற்குக் காவல்?

பதில்: சுவரை ஒட்டிய ஒரு மீட்டர் மண்தான் ஆலயத்தின் வயதுக்குச் சாட்சி. அடித்தளக் குழி ஒரு கல்லறையை வெட்டிக்கொண்டு போயிருந்தால் கல்லறை பழையது. கல்லறை அந்தக் குழியை வெட்டியிருந்தால் சுவர் பழையது. 19ஆம் நூற்றாண்டில் பல ஆலயங்களைச் சுற்றி வெட்டிய வடிகால்கள் இந்தத் தொடர்பையே அறுத்துவிட்டன. ஆகவே சுவரோர மண்ணைக் கேட்காமல் தொடாதீர்கள். ஜேசிபிக்குப் பல் இல்லாத வாளியே வேண்டும். பல் மண்ணைக் கிழித்தால், கருமையாகி இளகிய மண்ணில் சாந்தின் வெள்ளைத் துகள்கள் கலந்து தெரியும் கல்லறை விளிம்பு கண்ணில் படாது. அப்படிப் பொறுமையாகச் சீவிய ஓரிடத்தில், ஒரு மண்டையோட்டின் நெற்றியில் பட்டாணி அளவு பச்சைக் கறையைக் கண்டேன். சவத்துணியில் குத்திய செம்புக்கலவை ஊசி விட்டுச்சென்ற தடம் அது.

கேள்வி: தங்கம் கிடைத்ததா?

பதில்: இல்லை. கிறித்தவக் கல்லறைகளில் பெரும்பாலும் பொருள் வைப்பதில்லை.

கேள்வி (மாணவி): அனுமதி தருவது யார்?

பதில்: இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்களுக்கு அரசின் பழங்கட்டட அனுமதியிலிருந்து விலக்கு உண்டு, அதற்கு ஈடாகத் திருமண்டலத்தின் (ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதி) நீதிமன்றம் ‘ஃபாகல்டி’ என்னும் ஆணை வழங்கும். கண்காணிப்பு பெரும்பாலும் அந்த ஆணையின் நிபந்தனையாகவே வரும்.

கேள்வி: எலும்புகளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது அவமரியாதை அல்லவா? அன்றே புதைத்தால் என்ன?

பதில்: கண்காணிப்பில் கிடைக்கும் உதிரி எலும்புகள் பெரும்பாலும் அதே கல்லறைத் தோட்டத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்படுகின்றன. முழுக் கல்லறைகளை எடுக்க நேர்ந்தால் ஆய்வும் மரியாதையே என்பது என் கருத்து.

மறுப்பு (அதே வாசகர்): அது ஆய்வாளர்களின் வசதிக்கான வாதம்.

பதில்: ஏற்கமாட்டேன். லண்டன் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் கிறைஸ்ட் சர்ச்சின் நிலவறையிலிருந்து 1984 முதல் 1986 வரை ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான உடல்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் பலருடைய வயது சவப்பெட்டித் தகட்டில் பொறிக்கப்பட்டிருந்தது. எலும்பைப் பார்த்து வயது கணிக்கும் முறைகள் முதியவர்களின் வயதைக் குறைத்துக் காட்டுகின்றன என்பது அந்தத் தகடுகளோடு ஒப்பிட்டபோதுதான் தெளிவாயிற்று. அன்றே புதைத்திருந்தால் அந்தப் பிழை தொடர்ந்திருக்கும். உங்கள் கவலைக்கும் விடை உண்டு. பார்ட்டன்-அபான்-ஹம்பரின் புனித பேதுரு ஆலயத்தில் 1978 முதல் 1984 வரை அகழ்ந்தெடுத்த சுமார் 2,800 பேரின் எலும்புகள், 2007இல் அதே ஆலயத்துக்குள் அமைத்த எலும்பறைக்குத் திரும்பின. அங்கே ஆய்வும் தொடரலாம், அவர்களும் தம் ஆலயத்திலேயே இருக்கிறார்கள்.

கேள்வி: புதையல் ஏதாவது?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: ஆலய மணியின் வயதை எப்படி அறிவது?

பதில்: என் துறை அன்று, மணி வல்லுநரைக் கேளுங்கள்.

கேள்வி: சுவரோரம் மின்கம்பிக்கு 30 சென்டிமீட்டர் ஆழம்தான் வெட்டுகிறோம். அதற்குமா?

பதில்: அதற்கும்தான். இடைக்காலத் தொடக்கத்தில் பச்சிளங்குழந்தைகளைப் பல இடங்களில் கூரைநீர் சொட்டும் சுவரோரத்திலேயே, ஆழமின்றி அடக்கம் செய்தார்கள். அந்த எலும்புகள் மண்வெட்டி ஒருமுறை பட்டாலே நொறுங்கிவிடும். வேலை தொடங்கும் தேதியை முன்கூட்டியே உங்கள் திருமண்டலத் தொல்லியல் ஆலோசகருக்குத் தெரிவியுங்கள்.