பல்லுக்குப் போன இடத்தில் குறட்டை விசாரணை

கேள்வி: கடைவாய்ப் பற்கள் தேய்ந்து கூசுவதால் பல் மருத்துவரிடம் சென்றேன். அவரோ, குறட்டை விடுவீர்களா, பகலில் தூக்கம் அசத்துகிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, உறக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தூக்கத்தைப் பற்றி அவருக்கென்ன தெரியும்? தெரியுமென்றால், குறட்டையை நிறுத்தும் கருவியை அவரே செய்து தந்திருக்கலாமே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வாய்க்குள் வெளிச்சம் பாய்ச்சி நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பு பல் மருத்துவருக்கே அதிகம். நாக்கின் ஓரங்களில் பற்கள் பதிந்த தடங்கள், குறுகி உயர்ந்த அண்ணம், உள்ளடங்கிய கீழ்த்தாடை, பருத்த டான்சில், உள்நாக்கை மறைத்துக்கொண்டு கிடக்கும் பெரிய நாக்கு ஆகியவை, உறக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடும் 'ஸ்லீப் ஆப்னியா' இருக்கலாமோ என்ற ஐயத்தை எழுப்பும். இரவில் பல்லை நறநறவெனக் கடிப்பதும் இந்நோயாளிகள் பலரிடம் காணப்படுவதால், உங்கள் தேய்ந்த பற்களைக் கண்டு அவர் அவ்வாறு கேட்டது பொருத்தமே. தேய்மானத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்பது வேறு விஷயம்.

ஆனால், வாயைப் பார்த்து ஐயப்பட முடியுமே தவிர, நோயை உறுதிசெய்ய முடியாது. குறைந்தது 10 விநாடிகள் மூச்சு நிற்பதோ வெகுவாகக் குறைவதோ மணிக்கு எத்தனை முறை நிகழ்கிறது என்பதை உறக்கப் பரிசோதனைதான் கணக்கிடும். பெரியவர்களுக்கு 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017-இல் வகுத்த கொள்கையும், அறிகுறிகளைக் கண்டறிவதைப் பல் மருத்துவரிடமும் நோயை உறுதிசெய்வதைப் பொது மருத்துவத் துறையினரிடமுமே ஒப்படைக்கிறது.

நீங்கள் கேட்கும் கருவி, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே நிறுத்தி, நாக்கின் அடிப்பகுதி தொண்டைப் பக்கம் சரியாமல் தடுக்கிறது. லேசான, நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கும், முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் 'சீபாப்' இயந்திரத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்களுக்கும் அது உதவும். பரிசோதனையின்றி அதை மாட்டிக்கொள்வதில்தான் ஆபத்து: குறட்டைச் சத்தம் அடங்கியதும் வீட்டார் நிம்மதியடைவார்கள்; மூச்சுத்தடையோ உள்ளுக்குள் தொடரக்கூடும். எனவேதான், கருவியைப் பொருத்தியபின் அதை அணிந்த நிலையிலேயே மீண்டும் பரிசோதிக்க வேண்டும். தாடை மூட்டு வலி, நாளடைவில் பற்களின் கடி மாறுவது போன்ற தொல்லைகளும் உண்டு. பற்கடிப்புக்குத் தரும் சாதாரணப் பற்கவசம் இந்த வேலையைச் செய்யாது. சிலருக்கு மூச்சுத்தடையை அதிகமாக்கவும் கூடும்.

பல் மருத்துவப் படிப்பில் உறக்க மருத்துவத்துக்குக் கிடைக்கும் நேரம் பொதுவாகச் சொற்பமே என்பதால், உங்கள் சந்தேகத்தில் நியாயமில்லாமல் இல்லை. தனிப்பயிற்சி பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். ஆயினும் என் கணிப்பில், குறட்டை என்றதுமே அளவெடுக்கத் தொடங்குபவரைவிட, பரிசோதனைக்கு அனுப்பியவரே விஷயம் தெரிந்தவர். பல் கூச்சத்துக்கு இப்போதே சிகிச்சை பெறலாம். பற்களுக்கு உறை போடுவதை மட்டும் முடிவு வரும்வரை தள்ளிவையுங்கள். கருவி தேவைப்பட்டால் அது அந்தப் பற்களின் அளவுக்கே செய்யப்படும் என்பதால், எதை முதலில் செய்வது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.