எதிர்ப்பு ரகம் என்று அச்சடித்தார்களே, அப்புறம் ஏன் புள்ளி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (ஓசூர் வாசகர்): குடைமிளகாய் விதை பாக்கெட்டில் ‘பாக்டீரியா இலைப்புள்ளிக்கு எதிர்ப்பு: 0–3, 7, 8’ என்று போட்டிருக்கிறது. இது என்ன கணக்கு? எதிர்ப்பு ரகம் என்றால் நோய் வராது என்றுதானே நம்பி வாங்குகிறோம்?

பதில்: அந்த எண்களைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் பாருங்கள், பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். இந்த நோயைக் கொண்டுவரும் சாந்தோமோனாஸ் பாக்டீரியா எல்லாத் தோட்டத்திலும் ஒன்றே அல்ல. மிளகாயைத் தாக்குவதில் மட்டும் 0 முதல் 10 வரை இனங்கள் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். உங்கள் பாக்கெட்டில் விட்டுப்போன எண்களைப் பாருங்கள்: 4, 5, 6, 9, 10. அதில் ஏதாவது ஒன்று உங்கள் பசுமைக்குடிலுக்குள் வந்தால் ‘எதிர்ப்பு ரகம்’ சாதாரண ரகம் மாதிரிதான் புள்ளி விடும். விற்பவர் பொய் சொல்லவில்லை, ஆனால் பெரிய எழுத்தில் ‘எதிர்ப்பு’ என்று போட்டு எண்ணைச் சின்னதாக அச்சடிப்பது எனக்குப் பிடிக்காத வழக்கம்.

எண் போடுவது எப்படி என்றால், ‘எர்லி கால்வொண்டர்’ என்ற பழைய குடைமிளகாய் ரகத்தை எடுத்துக்கொண்டு, அதில் பிஎஸ்1, பிஎஸ்2, பிஎஸ்3 என்ற எதிர்ப்பு மரபணுக்களைத் தனித்தனியாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். பாக்டீரியா கலந்த தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, இலையின் அடிப்பக்கத்தில் முனையை வைத்து, மேல்பக்கம் விரலைக் கொடுத்து மெல்ல அழுத்தினால் இலைக்குள் ஈரம் பரவி ஒரு கரும்பச்சை வட்டம் தெரியும். எதிர்ப்பு வேலை செய்கிற செடியில் அந்த வட்டம் ஒன்றிரண்டு நாளில் காய்ந்து காகிதமாகிவிடும். வேலை செய்யாத செடியில் அப்படி நடக்காது, நாள் போகப்போக நீர் கோத்த மாதிரி ஊறி அப்புறம்தான் கருகும். எந்தெந்தச் செடி காய்ந்தது, எது ஊறியது என்று பார்த்து இனத்துக்கு எண் கொடுக்கிறார்கள்.

கேள்வி (ஒட்டன்சத்திரம்): இலை காய்ந்தால் அது நோய்தானே, அதை எப்படி எதிர்ப்பு என்கிறீர்கள்?

பதில்: நியாயமான சந்தேகம். நான் சொன்னது ஆய்வுக்கூடத்தில் கோடிக்கணக்கான பாக்டீரியாவை ஒரே இடத்தில் திணித்தபோது நடப்பது. தோட்டத்தில் இலைத்துளை வழியாகவோ காயத்தின் வழியாகவோ நுழைவது கொஞ்சம்தான். நுழைந்ததும் பாக்டீரியா ஊசி போன்ற ஒரு குழாயால் தன் புரதங்களைச் செடியின் செல்லுக்குள் செலுத்தும். செலுத்துகிற வகை ஒன்றிரண்டல்ல, டஜன் கணக்கில் இருக்கும். அவற்றில் ஏதாவது ஒன்றைச் செடியின் எதிர்ப்பு மரபணு அடையாளம் கண்டுகொண்டால் அந்த செல் தானாகவே செத்துப்போகிறது, உள்ளே வந்த பாக்டீரியா மேற்கொண்டு பெருக வழியில்லாமல் அங்கேயே அடங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நாலைந்து செல் போவதால் செடிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சிக்கல் என்னவென்றால் செடி கவனிப்பது ஒரே ஒரு புரதத்தை. பாக்டீரியா அந்தப் புரதத்தை மட்டும் மாற்றிக்கொண்டாலோ, இழந்துவிட்டாலோ கதை முடிந்தது. உங்கள் பாக்கெட்டில் உள்ள 0–3, 7, 8 என்பது பிஎஸ்2 தருகிற பாதுகாப்பு. தென் அமெரிக்காவின் காட்டு மிளகாயான சாக்கோயென்ஸிலிருந்து பயிருக்குக் கொண்டுவந்த மரபணு அது, 1999-ல் பிரித்தெடுத்தார்கள். அது கண்டுபிடிக்கும் புரதம் இந்தப் பாக்டீரியாவுக்கு ரொம்ப முக்கியம், அதை விட்டால் அதன் பலமே குறையும், அதனால் இந்த எதிர்ப்பு நீண்டகாலம் நிற்கும் என்று நினைத்தார்கள். நின்றதும் உண்மைதான். ஆனால் ஃப்ளோரிடாவில் பிஎஸ்2 ரகங்களையே எங்கும் நட்டபிறகு, பாக்டீரியா அந்தப் புரதத்தை முழுக்க விடாமல் லேசாக மாற்றிக்கொண்டு தப்பியது.

கேள்வி (கோவை, வேளாண் கல்லூரி மாணவி): பிஎஸ்3 பற்றி வகுப்பில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அதில் என்ன விசேஷம்?

பதில்: ஒரே வரியா! இந்தப் பயிர் நோயிலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதானம்மா.

ஏவிஆர்-பிஎஸ்3 என்ற பாக்டீரியா புரதம் மிளகாய் செல்லின் உட்கருவுக்குள்ளேயே போய், டிஎன்ஏவில் குறிப்பிட்ட ஓர் எழுத்து வரிசையைத் தேடி உட்கார்ந்து, அதற்குப் பக்கத்தில் உள்ள மரபணுவை முடுக்கிவிடும். அப்படி முடுக்கப்படுகிற ஒன்று யூபிஏ20, அது வேலை செய்தால் இலை செல்கள் வீங்கும். இது பாக்டீரியா தனக்காகச் செய்துகொள்ளும் காரியம். பிஎஸ்3 உள்ள செடி என்ன செய்கிறது? அதே எழுத்து வரிசையை, செல்லையே சாகடிக்கும் ஒரு மரபணுவுக்கு முன்னால் வைத்திருக்கிறது. பாக்டீரியா வழக்கம்போல வந்து உட்காருகிறது, எலி தானே பொறியைத் தட்டிவிடுகிற மாதிரி செடியின் ஆயுதத்தைத் தன் கையாலேயே இயக்கிவிடுகிறது. 2007-ல் வெளியான ஆய்வு இது. எதிர்ப்பில்லாத மிளகாயிலும் ஏறக்குறைய அதே மரபணு இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. முன்பகுதியில் 13 எழுத்து கூடுதலாக நுழைந்திருப்பதால் பாக்டீரியாவின் புரதத்தால் அதை இயக்க முடிவதில்லை.

கதை அதோடு நிற்கவில்லை. அந்தப் புரதத்தில் 34 அமினோ அமிலம் கொண்ட ஒரே துண்டு பதினேழரை முறை திரும்பத்திரும்ப வருகிறது. துண்டுக்குத் துண்டு பெரும்பாலும் மாறுவது 12, 13-ஆம் இடங்கள் மட்டும். ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் உல்லா போனாஸ், ஜென்ஸ் போக் குழுவும், அமெரிக்காவின் அயோவாவில் மாத்யூ மாஸ்கோ, ஆடம் போக்டனோவ் இருவரும் 2009-ல் ஒரே சமயத்தில் அதன் சூத்திரத்தைச் சொன்னார்கள்: அந்த இரண்டு இடமும் சேர்ந்து டிஎன்ஏவின் ஓர் எழுத்தைப் படிக்கிறது. துண்டுகளை மாற்றி அடுக்கினால் நமக்கு வேண்டிய எழுத்து வரிசையைத் தேடவைக்கலாம். அதோடு டிஎன்ஏவை வெட்டும் நொதியைச் சேர்த்ததுதான் டேலன் என்ற மரபணுத் திருத்தக் கருவி. 2015-ல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு குழந்தைக்குக் கொடுத்த செல்கள் இந்தக் கருவியால் திருத்தப்பட்டவை. குடைமிளகாய்ப் புள்ளியில் தொடங்கி அதுவரை போயிருக்கிறது, இதை ஒரு வரியில் முடித்தால் எப்படி?

கேள்வி (திண்டுக்கல்): காப்பர் மருந்து அடித்து அடித்து அலுத்துவிட்டது. கேட்பதே இல்லையே?

பதில்: தாமிரத்தைத் தாங்கும் மரபணுக்களைப் பல நாடுகளில் இந்தப் பாக்டீரியா எப்போதோ சம்பாதித்துவிட்டது. அவை இருப்பது பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில், ஒன்றிடமிருந்து இன்னொன்று சுலபமாக வாங்கிக்கொள்ளும். இன்னொரு விஷயம்: பிஎஸ்1 மரபணு அடையாளம் காணும் புரதத்தின் மரபணுவும் தாமிர மரபணுக்களோடு அதே வளையத்தில் இருப்பதை ஃப்ளோரிடா பாக்டீரியாவில் பார்த்தார்கள். வளையத்தைத் தூக்கி எறிந்தால் தாமிர எதிர்ப்பும் போய்விடும். பாக்டீரியா என்ன செய்தது தெரியுமா, இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று அந்த ஒரு மரபணுவின் நடுவில் போய் விழுந்து அதை மட்டும் கெடுத்துவிட்டது, தாமிர எதிர்ப்பு அப்படியே இருந்தது. ஆக, மருந்தளவைக் கூட்டிப் பயனில்லை. மேலிருந்து தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள், இலை ஈரமாக இருக்கும்போது செடிகளுக்குள் நுழையாதீர்கள், நாற்றங்காலிலேயே புள்ளி தெரிந்த குழித்தட்டைத் தயங்காமல் அழியுங்கள்.

கேள்வி (வாசகி, சேலம்): இந்த நோயால் சொறி விழுந்த காயைச் சாப்பிடலாமா?

பதில்: இந்தப் பாக்டீரியாவால் மனிதருக்கு நோய் வராது. சொறியை வெட்டிவிட்டுச் சமையுங்கள், அழுகியிருந்தால் மட்டும் வேண்டாம்.

கேள்வி (அதே ஓசூர் வாசகர்): வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்து வைத்தால் எதிர்ப்பு தொடருமா?

பதில்: எந்த மரபணு என்பதைப் பொறுத்தது. பிஎஸ்2 ஓங்கிய மரபணு, ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும். அப்படி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்திருந்தால், அடுத்த தலைமுறையில் சராசரியாக நாலில் மூன்று செடிக்கு எதிர்ப்பு இருக்கும், ஒன்றுக்கு இருக்காது. பிஎஸ்5 என்ற மரபணு வேறு மாதிரி. அது ஒடுங்கிய மரபணு, எதையும் அடையாளம் கண்டு செல்லைச் சாகடிப்பதில்லை. அது உண்டாக்கும் புரதத்தில் இரண்டு அமினோ அமிலம் குறைந்திருப்பதால் பாக்டீரியாவுக்கு அந்தச் செடி ஒத்துவருவதில்லை, இனம் எதுவானாலும். இரண்டு பெற்றோரிடமும் இருந்தால்தான் ஒட்டு ரகத்தில் அது வேலை செய்யும் என்பதால், அதன் விதையில் வரும் எல்லாச் செடிக்கும் அது கட்டாயம் இருக்கும். காயின் அளவு, நிறம் மட்டும் சிதறிப்போகலாம். என்னைக் கேட்டால் இனி வரும் ரகங்களில் இந்த மாதிரி மரபணுவைத்தான் தேடுவேன்.

எது எப்படியோ, நோய் விதையோடு வருவது. சொந்த விதை என்றால் 51–52 டிகிரி வெந்நீரில் 30 நிமிடம் வைத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டு, நிழலில் உலர்த்தி விதையுங்கள். வெப்பமானி இல்லாமல் கையை விட்டுப் பார்த்துச் செய்யாதீர்கள், விதை வெந்துவிடும். முதலில் ஒரு பிடி விதையில் செய்து முளைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து பூசிய பாக்கெட் விதைக்கு இது வேண்டாம்.